மருந்தும் மௌனமும்

மருத்துவம் என்பது மருந்து மாத்திரமன்று என்பதைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரத்தை நிறைவுசெய்யும் வள்ளுவர், மருத்துவத்தை நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுத்து உதவுபவன் என நான்கு கூறாகப் பகுத்தார். இந்நான்கனுள் ஒன்று பழுதுபடினும் ஏனைய மூன்றும் பயன்குன்றும் என்பது அப்பகுப்பிலிருந்து பெறத்தக்க கருத்தாகும். ஆயின் அப்பகுப்பு நேரடியாக எழுப்பாத வினாவொன்று இன்று எழுந்துள்ளது. நோயாளி ஒருவர், மருத்துவர் இருவர். உடல் ஒன்று; மருந்து இரு வகை. ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது. இந்நிலையில் அறம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

யாழ்ப்பாணத்துத் தீவகத்தைப் பொறுத்தவரை இது வெறும் ஏட்டு வினா அன்று. இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்புப் புற்றுநோயே. வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகியன பாலங்களாலும் தாம்போதிகளாலும் குடாநாட்டோடு இணைந்துள்ளன. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் வாழ்வோரோ படகேறிக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்து, அங்கிருந்து யாழ்ப்பாண நகர் சேர்ந்து, பின்னரே தெல்லிப்பழையிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நெடுந்தீவிலிருந்து வருவோர்க்குக் கடற்பயணம் மட்டுமே ஏறத்தாழ ஒரு மணிநேரம் கொள்ளும். காற்று மிகுந்த நாட்களில் அப்பயணமும் நிச்சயமன்று. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடைபயணமாகச் சென்று திரட்டப்பட்ட நிதியின் துணைகொண்டு எழுந்த அவ்வைத்தியசாலை 2013இலேயே திறந்துவைக்கப்பட்டது. அதற்கு முன்னர் மகரகமவை நாடிச் சென்றோர் பலர். 2006 ஓகஸ்ட் மாதம் ஏ-9 வீதி மூடப்பட்டபோது அவ்வழியும் அரிதாயிற்று. இவ்வாறு மேலை மருத்துவம் கடல் கடந்தும் வீதி கடந்தும் தேடிச் செல்லவேண்டிய பொருளாயிருக்க, நாட்டு மருந்து வீட்டு முற்றத்திலும் பரியாரியார் திண்ணையிலும் கிடைக்கும் பொருளாயிற்று.

இச்சூழலில் வாழும் பெண்ணொருத்தியை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்ளலாம். அவளுக்குச் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. சில வாரங்களுக்கொருமுறை இரசாயன சிகிச்சை பெறுகின்றாள். அது முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தமொக்சிபென் குளிசை உட்கொள்ள வேண்டியவள் அவள். முடி உதிர்கின்றது, சோற்றைக் கண்டால் ஓங்காளிக்கின்றது. இங்கிலீசு மருந்தின் சூட்டைத் தணிக்கவென அயலவர் ஒருவர் குடிநீர் வகையொன்றைச் சொல்கின்றார். மஞ்சளும் மிளகும் சேர்ந்த சூரணமொன்றைப் பரியாரியார் கொடுக்கின்றார். கனடாவிலுள்ள மகள் மூலிகைக் குளிசைப் போத்தலொன்றை அனுப்புகின்றாள். மூன்றையும் அவள் உட்கொள்கின்றாள். சிகிச்சை நாளன்று, "வேறு ஏதும் மருந்து எடுக்கிறீங்களா, அம்மா?" என்று மருத்துவர் கேட்கின்றார். "இல்லை, டொக்டர்" என்கின்றாள் அவள்.

இச்சிறு மறுமொழியிலேயே இவ்விடயத்தின் அறச்சிக்கல் அடங்கியுள்ளது. எனினும் இதுபற்றிய வாதங்கள் பெரும்பாலும் வேறோரிடத்திலேயே நிகழ்கின்றன. மூலிகை மருந்து அறியாமையின் எச்சம் என்பர் ஒரு சாரார். இயற்கை தந்தது தீங்கு செய்யாது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்களும் முதற்கண் சோதிக்கப்படவேண்டியவை.

முதலாவது கூற்று வரலாற்றோடு பொருந்துவதன்று. தீவக வளவுகளிற் சாதாரணமாகக் காணப்படும் பட்டிப்பூ எனப்படும் நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்ரின் என்னும் புற்றுநோய் மருந்தைக் கனடாவைச் சேர்ந்த நோபிள், பியர் என்னும் ஆய்வாளர்கள் 1958இற் பிரித்தெடுத்தனர். மார்புப் புற்றுநோய்க்கு இன்று வழங்கப்படும் பக்ளிராக்சல் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து கண்டறியப்பட்டது. அதன் மூலக்கூற்று அமைப்பை வோல், வாணி என்போர் 1971இல் வெளியிட்டனர். ஐக்கிய அமெரிக்காவில் மார்புப் புற்றுநோய்க்கு அதனைப் பயன்படுத்த 1994இல் அனுமதி கிடைத்தது. ஆகவே மூலிகையிற் பயனில்லை என்று புற்றுநோய் மருத்துவத்தின் பெயரால் எவரும் கூறவியலாது.

இரண்டாவது கூற்றும் இவ்வுதாரணங்களாலேயே வீழ்கின்றது. உயிரணுக்களைக் கொல்லும் ஆற்றல் ஒரு செடியில் உண்டாயின், தீங்கு செய்யும் ஆற்றலும் அதில் உண்டு. மஞ்சளையே எடுத்துக்கொள்ளலாம். தமொக்சிபென் உடலினுட் சென்றதும் எண்டொக்சிபென் என்னும் பொருளாக மாற்றமடைந்தே பெரிதும் தொழிற்படுகின்றது. நெதர்லாந்தின் றொட்டர்டாம் நகரில் நோயாளர் 16 பேரிடம் நிகழ்த்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வொன்றில், மஞ்சளின் சாரமான குர்குமின் மிளகின் சாரமான பிப்பெரினோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டபோது, இரத்தத்தில் எண்டொக்சிபெனின் அளவு ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்தது. மிளகு மஞ்சளின் சாரத்தை உடலில் ஏறச்செய்யும். நாட்டு மருந்திற் கூடிவரும் இச்சேர்க்கையே ஈண்டு மருந்தின் வலுவைக் குறைத்தது. இது சிறிய ஆய்வு. அதிற் கொடுக்கப்பட்டது செறிந்த சாரமேயன்றிக் கறியிற் சேரும் மஞ்சளன்று. ஆதலின் குழம்பைக் கண்டு எவரும் அஞ்சவேண்டியதில்லை. ஆயினும் நாளாந்தம் கரண்டி கரண்டியாக உண்ணும் சூரணத்தை மருத்துவர் அறியாதிருத்தல் தகுமா என்னும் வினா இங்கே எழுகின்றது.

வேறு சான்றுகளும் உள. பொஸ்டன் பகுதிக் கடைகளில் விற்கப்பட்ட தென்னாசிய ஆயுர்வேத மூலிகைத் தயாரிப்புகள் 70இனைச் சோதித்து 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, அவற்றுள் 14இல் ஈயம், இரசம், ஆசனிக்கு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருப்பதைக் காட்டியது. புற்றுநோய்க்கு நல்லதெனப் பலரால் நம்பப்படும் முட்சீத்தாவின் பழத்தையும் இலைக் கசாயத்தையும் வழக்கமாக உட்கொண்டோரிடையே ஒருவகை நடுக்குவாதம் காணப்பட்டமையைக் கரிபியத் தீவான குவாதலூப்பில் மருத்துவர்கள் 1999இல் எடுத்துரைத்தனர். அதே வேளை வேர்க்கொம்பு ஓங்காளிப்பை ஓரளவு தணிக்கக்கூடும் என்பதற்கும் ஆய்வுச் சான்றுகள் உண்டு. எனவே 'மூலிகை' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் ஏற்பதும் எல்லாவற்றையும் தள்ளுவதும் ஒருங்கே பிழையாம். எந்த மருந்து, எவ்வளவு, எக்காலத்தில், எதனோடு என்றே கேட்டல் வேண்டும். மிகுதலும் குறைதலும் நோய் என்று அளவை முதன்மைப்படுத்தித்தான் வள்ளுவரும் அவ்வதிகாரத்தைத் தொடங்கினார்.

தீங்கு இரத்தத்தில் மாத்திரம் நிகழ்வதன்று. 'உடன்' என்று தொடங்குவது 'பதில்' என்று முடிவதும் உண்டு. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவுபடுத்துகின்றது. மார்பு, புரொஸ்ரேற், நுரையீரல், பெருங்குடல் ஆகியவற்றிற் புற்றுநோயுற்று, வழமையான சிகிச்சையோடு துணை மருத்துவத்தையும் நாடிய 258 பேரை, அவ்வாறு நாடாத 1032 பேரோடு அவர்கள் ஒப்பிட்டனர். ஐந்தாண்டு கடந்து உயிர்வாழ்ந்தோர் முதற் குழுவில் ஏறத்தாழ 82 சதவீதம்; இரண்டாம் குழுவில் ஏறத்தாழ 87 சதவீதம். இவ்வேறுபாட்டின் காரணம் துணை மருந்தே என்று கருதத் தோன்றும். ஆயின் முதற் குழுவினருள் ஏறத்தாழ 34 சதவீதத்தினர் இரசாயன சிகிச்சையை மறுத்திருந்தனர். மற்றக் குழுவில் அவ்வாறு மறுத்தோர் 3 சதவீதமே. சிகிச்சையை மறுத்தமையையும் தாமதித்தமையையும் கணக்கிற் கொண்டபோது, துணை மருத்துவத்துக்கும் இறப்புக்கும் இடையிலான தொடர்பு குறிப்பிடத்தக்கதாக எஞ்சவில்லை. குடிநீர் குடித்தமையினும், குடிநீரை நம்பிக் குளிசையை நிறுத்தியமையே கேட்டுக்குக் காரணமாயிற்று என்பது இதனாற் புலனாகும்.

இனி, அப்பெண்ணின் உரிமையை நோக்கலாம். தன் உடல்மீதும் உள்ளத்தின்மீதும் தனிமனிதரே இறைமை உடையவர் என்று ஜோன் ஸ்ருவேட் மில் 1859இல் வெளியிட்ட 'சுதந்திரம் பற்றி' என்னும் நூலில் வாதிட்டார். அவ்வாதத்தை ஏற்பின், அவள் எதைக் குடிக்கலாம், எதைக் குடிக்கலாகாது என்று ஆணையிட எவருக்கும் உரிமையில்லை. எனினும் அதே நூலில் மில் தரும் எடுத்துக்காட்டொன்று சிந்திக்கற்பாலது. உடைந்துவிழும் நிலையிலுள்ள பாலமொன்றை அதன் நிலை அறியாது ஒருவன் கடக்க முற்படுகின்றான். எச்சரிக்க நேரமில்லாவிடின் அவனைப் பிடித்து நிறுத்துவது அவனது சுதந்திரத்தைப் பறிப்பதாகாது. ஏனெனில் ஆற்றில் விழுவது அவனது விருப்பமன்று. ஆபத்தை அறிந்தபின் கடப்பதா இல்லையா என்பதோ அவனது தீர்ப்புக்குரியது.

தீவகத்தார் இதனை விளக்கமின்றியே உணர்வர். கடல் கொந்தளிக்கும் நாளிற் படகோட்டி பயணிகளிடம் காற்றின் நிலையை மறைப்பாராயின், அவரை நம்பி ஏறியவர்கள் தாமாகவே தெரிந்து ஏறினர் என்று கூறுதல் நகைப்புக்கிடமாகும். அறியாமையிற் செய்த தெரிவு முழுமையான தெரிவன்று. அப்பெண்ணின் உரிமை மெய்யான உரிமையாக வேண்டுமாயின், தன் குளிசைக்கும் சூரணத்துக்கும் இடையே நிகழக்கூடியதை அவள் அறிந்திருத்தல் வேண்டும். அதனை அவளுக்குச் சொல்லக்கூடியவர் அவள் எதையும் சொல்லாத அம்மருத்துவரே. எனவே அவளது மௌனம் அவளது சுதந்திரத்தைக் காப்பதுபோற் தோன்றினும் உண்மையில் அதனைக் குறைக்கின்றது.

ஆயின் அம்மௌனத்துக்கு அவளைப் பழிப்பது நீதியாகுமா? மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அனைத்தும் அவளுக்குச் செய்யப்படுபவை. வெட்டுவது பிறர், மருந்தேற்றுவது பிறர், நாள் குறிப்பதும் பிறர். அடுப்பில் வைத்து எட்டிலொன்றாக வற்றக் காய்ச்சும் குடிநீரோ அவள் தானே தனக்குச் செய்துகொள்வது. தன் உடலை மீண்டும் தன் பொறுப்பிற் கொள்ளும் முயற்சி அது. அதனுள் நம்பிக்கையும் மானமும் உள. 'அதையெல்லாம் குடிக்கக்கூடாது' என்ற ஏச்சை அவள் ஒருமுறை கேட்டிருப்பாளாயின், அல்லது கேட்ட பிறரை அறிந்திருப்பாளாயின், இல்லை என்று கூறுவது அவளுக்குப் பொய்யாகத் தோன்றாது, தற்காப்பாகவே தோன்றும். பொய்யின் தீமை பெரும்பாலும் பிறரைச் சேரும். இங்கோ மறைத்தவளே பாதிக்கப்படுபவள். ஆதலின் அவள் ஏன் மறைத்தாள் என்பதினும், மறைக்கும் நிலையை அவளுக்கு ஏற்படுத்தியவர் யார் என்று கேட்பதே பொருத்தமாகும்.

இவ்வினாவுக்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டவர்களுள் முதல்வர் மருத்துவர். 1979இல் வெளியான உயிர்மருத்துவ ஒழுக்கவியல் நூலொன்றிற் பியூசாம்ப், சில்ட்ரெஸ் என்போர் தன்னாட்சியை மதித்தல், நன்மை செய்தல், தீமை செய்யாமை, நீதி என்னும் நான்கு நெறிகளை முன்வைத்தனர். மருத்துவர் ஒருவர் தீமை செய்யாமையின் பெயரால் எல்லா மூலிகைகளையும் ஒருசேர விலக்கும்போது, தீமை குறைவதில்லை. அது கண்ணுக்கு மறைந்துபோகின்றது. இதற்கு ஒரு தடை கூறப்படலாம். சிகிச்சை நிலையத்தில் வரிசை நீண்டது. மருத்துவர் சித்த மருத்துவம் கற்றவரல்லர். அறியாத ஒன்றைப் பாதுகாப்பானது என அவர் எவ்வாறு கூறுவார்? இத்தடை நியாயமானதே. ஆயினும் ஏற்குமாறு எவரும் அவரைக் கேட்கவில்லை. ஏசாமற் கேட்பதும், கேட்டதைக் குறித்துக்கொள்வதும், விலக்குவதாயின் காரணம் கூறி விலக்குவதுமே வேண்டப்படுகின்றன. மல்லித் தண்ணீருக்கும் செறிந்த சாரக் குளிசைக்கும் உலோகம் சேர்ந்த செந்தூரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர் ஏற்றுக்கொண்டால், அவரது 'வேண்டாம்' என்னும் சொல்லுக்கு மதிப்பு மிகும். 'இதுபற்றி எனக்குத் தெரியாது. இரசாயன சிகிச்சை முடியும்வரை நிறுத்திவைப்பது நல்லது' என்பதும் நேர்மையானதொரு மறுமொழியே.

மொழியும் இதில் ஒரு பங்கு வகிக்கின்றது. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தும் மருத்துவ நூல்களைத் தமிழாக்கியும் மாணவரை உருவாக்கினார். நோயாளியின் மொழியிற் பேசாத மருத்துவம் அவர் வீட்டினுள் நுழையாது என்பதை அவர் பணி உணர்த்துகின்றது. இன்றும் 'சூடு', 'பத்தியம்', 'கிரந்தி' என்னும் சொற்களால் தன் உடலை விளங்கிக்கொள்ளும் பெண்ணிடம் அச்சொற்களை நகைக்காது கேட்கும் மருத்துவரே உண்மையைப் பெறுவார்.

அடுத்துப் பரியாரியாரின் கடமை. மருந்தின் செய்முறையைக் குடும்பத்துக்குள் மறைவாகக் காப்பது பரம்பரை வைத்தியத்தின் நெடுநாள் வழக்கம். அது பிழைப்பைக் காத்தது. தகுதியற்றோர் கையில் மருந்து சேராமலும் காத்தது. நோயாளி ஒரே மருத்துவரிடம் மட்டும் சென்ற காலத்தில் அதனாற் பெருந்தீங்கு விளைந்திராது. வேறொருவரின் வலிய மருந்து ஏற்கெனவே உடலில் ஓடும்போது, அதே இரகசியம் ஆபத்தாகின்றது. மேலும், 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த மருத்துவத்தையும் தன்னுள் அடக்கி ஏற்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கற்கைநெறி 1984இற் கைதடியில் தொடங்கியது. இங்ஙனம் அங்கீகாரம் பெற்ற மருத்துவ முறைக்கு வெளிப்படையும் ஒரு கடமையாகும். கொடுத்த மருந்தின் சரக்குகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தலும், வேறு என்ன மருந்து நடக்கின்றது என வினவுதலும், மார்பிற் கட்டியோடு வரும் பெண்ணை ஒரு நாளும் தாமதிக்காது வைத்தியசாலைக்கு அனுப்புதலும் அவரிடம் எதிர்பார்க்கத்தக்கவை. மார்புக் கட்டி தொடக்கத்திற் பெரும்பாலும் நோவு தருவதில்லை. நோவில்லாமையைக் குணம் என்று மயங்குவோர் இழப்பது திரும்பிவராத காலத்தை.

நான்காம் கூறாகிய உடனிருப்போரின் நிலை மேலும் நுட்பமானது. தீவகத்துக் குடும்பங்கள் பல இன்று ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் எனப் பரந்து வாழ்கின்றன. தாயின் அருகிருந்து கஞ்சி கொடுக்க இயலாத மகள் குளிசைப் போத்தலை அனுப்புகின்றாள். அப்போத்தல் அன்பின் அடையாளம். அருகில் இல்லாமையின் ஈடும் அதுவே. ஆயின் அதன்மேல் எழுதியிருப்பதைத் தாய் வாசிக்க முடியாதிருக்கலாம். அனுப்பியவளும் அதனைத் தாயின் மற்றைய மருந்துகளோடு ஒப்பிட்டிருக்கமாட்டாள். அன்பு நோக்கத்தைத் தூய்மையாக்கும். குளிசையின் இயல்பை அது மாற்றாது. 'அதைச் சிகிச்சை நிலையத்திற் காட்டினீர்களா, அம்மா?' என்ற ஒரு வினாவையும் போத்தலோடு அனுப்புதல் அவ்வன்பின் கடமையேயாகும்.

நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்கு நேர்த்தி வைக்கும் பெண் அதனை மருத்துவரிடம் கூறவேண்டிய கட்டாயமில்லை. அது அவளுக்கும் தெய்வத்துக்கும் இடைப்பட்டது, மருந்தோடு முரண்படாதது. குடிநீரையும் அதே வகையில் தன் நம்பிக்கைக்குரிய தனி விடயமாக அவள் கருதக்கூடும். வேறுபாடு இதுவே: நேர்த்தி உள்ளத்தில் நிற்கும், குடிநீர் ஈரலைச் சேரும். அங்கே தமொக்சிபெனும் இருக்கின்றது.

எல்லா நோயாளருக்கும் ஒரே கணக்குப் பொருந்தாது என்பதையும் இங்குக் கூறுதல் வேண்டும். குணமாகும் வாய்ப்புள்ளவளுக்கு மருந்தின் வலுவிற் சிறு குறைவும் பெரிய இழப்பாகலாம். நோய் முற்றி, குணப்படுத்தும் சிகிச்சை முடிவுற்றவளுக்கோ எஞ்சிய நாட்களின் ஆறுதலே முதன்மையானது. அவளது ஓங்காளிப்பைத் தணிக்கும் வேர்க்கொம்புத் தேநீரை விலக்குவதில் அறமில்லை. ஆனால் அவ்வேளையிலும் பூரண சுகம் தருவதாகக் கூறி நகையை அடகுவைக்கச் செய்யும் மருந்து வணிகத்துக்கு எவ்வாதமும் துணைநில்லாது. ஆறுதல் தருவது வேறு. பொய்யான உறுதி தருவது வேறு.

இறுதியாக, நால்வர்க்கும் அப்பாற்பட்ட கடமையொன்றும் உண்டு. நான்கு நெறிகளுள் ஒன்றாகிய நீதி அதனை நினைவூட்டுகின்றது. படகையும் காற்றையும் நம்பியே அடுத்த மாதக் குளிசையைப் பெறவேண்டியிருப்பவள் அருகிலுள்ள மருந்தை நாடுவது அறியாமையாலன்று. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் உள்ள அரச வைத்தியசாலைகளின் ஊடாகத் தொடர் மருந்துகள் கிடைக்கச் செய்தலும், ஐயங்களைக் கேட்க அங்கே ஒருவரை வைத்தலும் பொது ஒழுங்கின் பொறுப்பாகும். தொலைவைக் குறைக்காது கீழ்ப்படிவை மட்டும் எதிர்பார்ப்பது நீதியன்று.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சையோடு மூலிகை மருந்தை உட்கொள்ளுதல் தன்னளவில் அறமுமன்று, மறமுமன்று. அது மறைவில் நிகழும்போதே தீங்குக்கு வழிதிறக்கின்றது. அம்மறைவை நீக்கும் பொறுப்பு வலிமை குறைந்த நோயாளியிலும் பார்க்க, அறிவும் அதிகாரமும் உடைய ஏனையோரையே முதலிற் சாரும். வைத்தியசாலைக் குளிசையும் பரியாரியாரின் சூரணமும் கடல்கடந்து வந்த போத்தலும் ஒரே பையில் மருத்துவரின் மேசைமேல் அச்சமின்றி வைக்கப்படல் வேண்டும். அவற்றுட் சில விலக்கப்படலாம்; சில பின்னைக்கு ஒத்திவைக்கப்படலாம்; சில அனுமதிக்கப்படலாம். எதுவாயினும், அன்று அப்பெண் எடுக்கும் முடிவு அறிந்து எடுத்த முடிவாயிருக்கும்.